உழவர் கடன் அட்டையை மோசக்காரரிடமிருந்து காத்தல்

கிசான் கிரெடிட் கார்டு என வழங்கும் உழவர் கடன் அட்டை, 1998-ஆம் வருஷத்தில் நபார்டு வங்கி வகுத்த மாதிரித் திட்டத்தின்படி ஏற்பட்டதாகும். ஆதியில் அது பாஸ் புத்தகத்தோடு சேர்ந்த ஓர் அட்டையாகவே இருந்தது; பணம் வேண்டுவோர் வங்கிக் கிளைக்கே போகவேண்டும். 2012-இல் திட்டம் திருத்தப்பெற்ற பின், ஏ.டி.எம். இயந்திரத்திலும் உரக்கடையின் கார்டு மெஷினிலும் செல்லத்தக்க அட்டையாக அது மாறிற்று. இதனால் விவசாயிக்கு அலைச்சல் குறைந்தது மெய்யே. ஆயின் கிளைக்கு வராமலே விவசாயி பணம் எடுக்கக்கூடுமாயின், விவசாயி அறியாமல் பிறரும் எடுக்கக்கூடும் என்பதை உணர்ந்தோர் சிலரே.

சேமிப்புக் கணக்கில் திருட்டுப் போனால் இருந்த பணம் போகும். கடன் அட்டையில் திருட்டுப் போனாலோ இல்லாத பணம் போய், அது நம் பெயரில் கடனாக நிற்கும். மத்திய அரசின் வட்டி மானியத் திட்டத்தில் குறுகிய காலப் பயிர்க்கடனுக்கு வட்டி 7 சதவீதம். தவணை தவறாது செலுத்துவோர்க்கு 3 சதவீதம் கழிந்து 4 சதவீதமாகும். 2025-26-ஆம் ஆண்டிலும் இம்முறையே தொடர்ந்தது. மோசக்காரன் 40,000 ரூபாய் எடுத்தான் என்று கொள்வோம். ஓர் ஆண்டுக்கு அத்தொகைக்கு மட்டும் வட்டி 1,600 ரூபாய்; எதிர்பாராத இக்கடனைத் தவணைக்குள் கட்ட இயலாது போனால் 2,800 ரூபாய். அன்றியும், விதைப்புக்கு வேண்டிய வரம்பு அவ்வளவுக்குக் குறைந்துவிடும். ஆகவே இவ்வட்டையை நிலத்தின் பத்திரத்துக்குச் சமமாகப் பேணுதல் வேண்டும்.

மோசம் நிகழும் வழிகளுள் ஒன்று அட்டையைப் பிரதி செய்வது. அட்டையின் பின்புறமுள்ள கறுப்புக் காந்தப்பட்டையில் விவரங்கள் மாறாது பதிந்திருப்பதால், அதனை ஒரு சிறு கருவியால் நகலெடுக்கலாம். முகப்பிலுள்ள சில்லோ ஒவ்வொரு முறையும் புதியதொரு குறியை உண்டாக்குவதாகலின் அதனை நகலெடுத்துப் பயனில்லை. 2018 டிசம்பர் 31-க்குள் பழைய அட்டைகளை மாற்றித் தரும்படி ரிசர்வ் வங்கி கட்டளையிட்டிருந்தது. இன்னும் சில்லில்லாத அட்டையைப் பெட்டியில் வைத்திருப்போர் உடனே கிளைக்குச் சென்று மாற்றிக்கொள்க.

ஆனால் கிராமங்களில் சில்லு தடுக்க இயலாத மோசங்களும் உண்டு. ஏ.டி.எம். அறையில் உதவி செய்வதுபோல் ஒருவன் வந்து, ரகசிய எண்ணைப் பார்த்துக்கொண்டு, அட்டையையும் மாற்றிக் கொடுத்துவிடுவான். ஒரே வங்கியின் அட்டைகள் பலவும் ஒரே நிறமாதலால், வீடு சேர்ந்த பின்னும் இது புலப்படாது. தம் அட்டையின் கடைசி நான்கு இலக்கங்களை மனப்பாடமாக வைத்திருந்து, அட்டை கைக்குத் திரும்பும்போது ஒத்துப் பார்ப்பதே இதற்குத் தக்க உபாயம். அட்டையின் உறைமேலேயே ரகசிய எண்ணை எழுதி வைக்கும் வழக்கமும் சிலரிடம் உண்டு. அது பெட்டியைப் பூட்டிச் சாவியை அதன்மேலேயே வைப்பதற்கு ஒப்பாகும்.

கடன் பாக்கிக்கு ஈடாக அட்டையையும் எண்ணையும் உரக்கடைக்காரரிடமோ தரகரிடமோ ஒப்படைத்து வருதலும் உண்டு. அவர் யோக்கியராகவே இருக்கலாம். அவர் கடையில் நிற்கும் மற்றவர் யோக்கியர் என்பதற்கு என்ன உறுதி?

தொலைபேசி வழியாக நிகழும் மோசம் வேறு வகை. "உங்கள் அட்டை இன்றோடு முடக்கப்படும்" என்று அச்சுறுத்தி, அட்டையின் 16 இலக்க எண்ணையும் பின்புறத்து மூன்று இலக்கத்தையும், இறுதியில் செல்போனுக்கு வரும் ஓ.டி.பி. எண்ணையும் கேட்பர். அரசு உதவித்தொகையின் பெயரால் வாட்ஸப்பில் வரும் செயலியைப் பதிந்தாலோ, அந்த எண் நாம் சொல்லாமலே அவர்க்குப் போய்ச் சேரக்கூடும். வெளிநாட்டு வலைத்தளங்கள் சிலவற்றில் ஓ.டி.பி. இன்றியே பணம் பற்றலாம் என்பதும் அறியத்தக்கது. இதன் பொருட்டே, 2020 அக்டோபர் முதல், இணையதள உபயோகத்தையும் வெளிநாட்டு உபயோகத்தையும் தனித்தனியே நிறுத்தி வைக்கவும், எடுக்கும் தொகைக்கு உச்சவரம்பு குறிக்கவும் அட்டைதாரர்க்கு வசதி அளிக்கப்பட்டது. உரமும் விதையும் வாங்குவதற்கு மட்டும் அட்டையைப் பயன்படுத்துவோர் அவ்விரண்டையும் நிறுத்தி வைத்தலே நலம்.

இவை அனைத்தினும் முக்கியமானது கணக்கில் பதிந்துள்ள செல்போன் எண். பல ஆண்டுகளுக்கு முன் மனுவில் எழுதிய எண் இப்போது இயங்காதிருக்கலாம். வேறொருவருக்கே கொடுக்கப்பட்டும் இருக்கலாம். அன்றேல் வெளியூரில் வேலைபார்க்கும் மகனுடையதாக இருக்கலாம். அப்படியாயின் பணம் போன செய்தி உரியவரை எட்டாது. செய்தி எட்டாவிடில் புகாரும் தாமதிக்கும்.

தாமதத்தால் விளையும் நஷ்டம் சிறிதன்று. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வகுத்த விதியின்படி, குற்றம் வங்கியிடத்தும் வாடிக்கையாளரிடத்தும் இன்றி மூன்றாமவரால் நேர்ந்திருந்து, செய்தி கிடைத்த பின் மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளர்க்கு நஷ்டமில்லை. நான்கு முதல் ஏழு நாட்களுக்குள்ளாயின், 25 லட்சத்துக்கு உட்பட்ட தனிநபர் ரொக்கக்கடன் கணக்கில் அவர் ஏற்க வேண்டியது 10,000 ரூபாய்க்கு மேற்படாது. ரகசிய எண்ணைத் தாமே பிறர்க்குச் சொன்னவரோ, புகார் செய்யும்வரை போன தொகை முழுவதையும் ஏற்கவேண்டும். புகாருக்குப் பின் போவது வங்கியைச் சாரும். எனவே ஏமாந்தவர் நாணத்தால் ஒளித்து வைத்தல் கூடாது. அவர்க்கே ஒவ்வொரு நாழிகையும் பணமாகும்.

பணம் போனதென்று தெரிந்ததும், வங்கியின் எண்ணுக்குச் சொல்லி அட்டையை நிறுத்தி, புகார் எண்ணைக் குறித்துக்கொள்க. உடனே 1930 என்னும் சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் தெரிவிக்க வேண்டும். பணம் வேறு கணக்குகளுக்குப் பிரிந்து போகுமுன் தடுத்து நிறுத்த இதுவே வழி. மறுநாள் கிளையில் எழுத்து மூலமாகவும் கொடுத்து, நகலில் முத்திரை பெறுக.

கிராம நிர்வாக அலுவலர்களும் கூட்டுறவுச் சங்கச் செயலாளர்களும் முகாம்களில் விவசாயிகளின் அட்டைகளைத் திரட்டித் தம்மிடம் வைத்துக்கொள்ளுதல் தகாது. சாகுபடிக் கணக்கு எடுக்கையில், வங்கியில் பதிந்த செல்போன் எண் இன்னும் தம் வசம் உள்ளதா என்று ஒவ்வொருவரையும் கேட்டு, இல்லாதவரை அவ்வாரத்திலேயே கிளைக்கு அனுப்பி வைக்கலாம். வங்கியின் புகார் எண்ணையும் 1930-ஐயும் சாவடிச் சுவரிலும் உரக்கடை வாசலிலும் பெரிய எழுத்தில் எழுதுவித்தால், கண் மங்கிய முதியவர்களும் படிப்பர்.