நெல் சுணை கண்ணில் பட்டால்

டெல்டாவில் சம்பா அறுவடை நடக்கிறது. மாசி முடியும்வரை களத்தில் தூசியும் சுணையும் பறக்கும். தூற்றுபவர்களும் வைக்கோல் கட்டுபவர்களும் இப்போதே ஒரு பிளாஸ்டிக் கண்ணாடி வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள்.

சுணை உரசினால் கருவிழியில் கீறல் விழும். மண்ணிலும் பயிரிலும் இருக்கும் பூஞ்சை அதன் வழியே புகுந்துகொள்ளும். அது மெதுவாக வளர்வதால் முதலில் வெறும் உறுத்தல்தான் தெரியும். கசக்காமல் சுத்தமான தண்ணீரில் கழுவுங்கள். உறுத்தல் மறுநாளும் இருந்தால் கண் மருத்துவரிடம் போய்விடுங்கள். நாக்கால் துழாவித் தூசி எடுப்பது, தாய்ப்பால், விளக்கெண்ணெய், இலைச்சாறு விடுவது எதுவும் வேண்டாம். இவற்றைவிட நான் அஞ்சுவது மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தை. சிவப்பு குறையும், வலி அடங்கும். உள்ளே பூஞ்சை தடையில்லாமல் பரவும். பூஞ்சைப் புண்ணுக்கு உரிய நாட்டாமைசின் சொட்டு மருந்து கருவிழியின் மேற்பரப்பில் நன்றாக வேலை செய்யும், ஆழமாக ஊடுருவாது. சீக்கிரம் வரச் சொல்வது அதனால்தான்.

முள்ளோ கம்பியோ கண்ணில் குத்தி நின்றால் பிடுங்காதீர்கள், கழுவாதீர்கள். கண்ணை அழுத்தாதபடி ஒரு காகிதக் கோப்பையைக் கவிழ்த்து ஒட்டிக்கொண்டு, எதுவும் சாப்பிடாமல் உடனே கிளம்புங்கள். அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம்.

கண்புரை ஆபரேஷன் ஆகிச் சில வாரமே ஆனவர்கள் களத்துப் பக்கம் வர வேண்டாம். அந்தக் கண்ணில் பார்வை நாளுக்கு நாள் தெளிய வேண்டும். தெளிந்தது மங்கினால், வலி கூடினால், கருவிழிக்குப் பின்னால் வெள்ளையாகச் சீழ் படிந்தால் அன்றைக்கே போக வேண்டும், ராத்திரியானாலும் சரி. கண்ணுக்குள் பாக்டீரியா பெருகினால் சில மணி நேரத்திலேயே விழித்திரை கெடத் தொடங்கும். மாத்திரையும் சொட்டு மருந்தும் உள்ளே போதிய அளவு எட்டாது. அதனால் மரத்துப்போகச் செய்து, கண்ணுக்குள்ளிருந்து துளி நீரைச் சோதனைக்கு எடுத்து, முடிவுக்குக் காத்திருக்காமல் வான்கோமைசின், செஃப்டாசிடைம் மருந்துகளை ஊசி வழியே செலுத்துவார்கள். ஒவ்வொன்றும் 0.1 மி.லி.தான். கண்ணில் ஊசியா என்று பயந்து வீடு திரும்பிவிடாதீர்கள். பார்வை வெளிச்சம் தெரியும் அளவுக்கு மட்டும் குறைந்துபோயிருந்தால், சீழ் பிடித்த கூழ்மத்தையே அகற்றும் விட்ரெக்டமி செய்ய வேண்டிவரும்.

போகும்போது ஆபரேஷன் சீட்டையும், இதுவரை விட்ட எல்லாச் சொட்டு மருந்துப் புட்டிகளையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். சர்க்கரை நோய் இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள்.