உர மூட்டையிலுள்ள அணுக்களை எண்ணும் விதம்

யூரியா கிடைக்காத காலத்தில் அதே நிறையுள்ள அம்மோனியம் சல்பேட்டை வாங்கி, மூட்டைக்கு மூட்டை ஈடென்று வயலுக்கு இடுவோர் உண்டு. பயிருக்கு வேண்டுவது மூட்டையின் நிறையன்று. அதிலுள்ள நைட்ரஜன் என்னும் தழைச்சத்தேயாம். ஆதலின் ஒவ்வோர் உரத்திலும் நைட்ரஜன் அணுக்கள் எவ்வளவு என்று கணக்கிட அறிதல் அவசியமாகும்.

அணுக்களைக் கண்ணாற் கண்டு எண்ணுதல் இயலாது. நிறுத்தே எண்ணுதல் வேண்டும். மோட்டா நெல் ஆயிரம் மணி 24 கிராமும், சன்ன நெல் ஆயிரம் மணி 15 கிராமும் இருப்பதாகக் கொள்வோம். நிறை வேறு, எண்ணிக்கை ஒன்றே. 240 கிராம் மோட்டா நெல்லில் பதினாயிரம் மணிகள் உண்டென எண்ணாமலே சொல்லிவிடலாம். இரசாயன சாஸ்திரத்தில் அந்த ஆயிரத்தின் ஸ்தானத்தில் நிற்பது 'மோல்' என்பது. அது சுமார் 6,022-க்குப் பின் 20 சுழிகள் இட்ட தொகையாகும்.

ஒரு மோல் அணுக்களின் நிறையாவது: ஹைட்ரஜன் 1 கிராம், கரி 12, நைட்ரஜன் 14, பிராணவாயு 16, கந்தகம் 32.

யூரியாவின் சூத்திரத்தில் கரி 1, பிராணவாயு 1, நைட்ரஜன் 2, ஹைட்ரஜன் 4 அணுக்கள் உள்ளன. ஆகவே அதன் ஒரு மோல், 12 + 16 + 28 + 4 = 60 கிராம்.

அம்மோனியம் சல்பேட்டில் நைட்ரஜன் 2, ஹைட்ரஜன் 8, கந்தகம் 1, பிராணவாயு 4. அதன் ஒரு மோல், 28 + 8 + 32 + 64 = 132 கிராம்.

இதனால் 60 கிராம் யூரியாவிலும் 132 கிராம் அம்மோனியம் சல்பேட்டிலும் நைட்ரஜன் அணுக்கள் சரிசமமாய் இரண்டு மோல் உள்ளன என்பது விளங்கும். 1 கிலோ யூரியாவில் எத்தனை என்றால், 1,000-ஐ 60-ஆல் வகுக்க 16.67 மோல், அதை இரட்டிக்க 33.3 மோல் நைட்ரஜன் அணுக்கள். அதாவது, 2-க்குப் பின் ஏறக்குறைய 25 சுழிகள்.

இனி வயலுக்கு வருவோம். 60-இல் 28 என்பது நூற்றுக்கு 46.7, 132-இல் 28 என்பது 21.2. கடைச் சரக்கில் ஈரம் முதலியன சேர்ந்திருப்பதால் முறையே 46 என்றும் 20.5 என்றும் கொள்க. ஏக்கருக்கு 23 கிலோ தழைச்சத்து இடவேண்டுமாயின் யூரியா 50 கிலோ போதும். அம்மோனியம் சல்பேட் 112 கிலோ வேண்டும். 50 கிலோவோடு நிறுத்தினால் பயிருக்குச் சேர்வது பாதியினும் குறைவு. மாறாக, 112 கிலோ யூரியாவை இட்டாலோ, 51 கிலோவுக்கு மேல் தழைச்சத்து ஏறி, பயிர் சாய்தலும் பூச்சி நோய் மிகுதலும் நேரும், பணமும் வீண்.

ஆகையால் குடியானவர்கள் உரம் மாற்றும்போது மூட்டையில் அச்சிட்டுள்ள சதவீதத்தைப் பார்த்துக் கணக்கிடுவார்களாக. கிராம உத்தியோகஸ்தர்களும் உரத் தேவையை மூட்டைகளில் மட்டுமன்றித் தழைச்சத்துக் கிலோவிலும் குறித்து வருவது நலம்.