அடுத்த வாரச் செய்தி

திருப்பூர்

அன்புள்ள அம்மிணிக்கு,

பெரியப்பா எழுதுவது. பரீட்சை நல்லபடியாக முடிந்தது என்று உங்கப்பா சொன்னார், சந்தோஷம். போனில் பேசினால் "சரிங்க பெரியப்பா" என்று சொல்லி வைத்துவிடுவாய். கடிதமாக இருந்தால் இன்னொரு தடவை எடுத்துப் படிக்கலாம். அதனால்தான் எழுதுகிறேன்.

நம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் நீ போட்ட வீடியோவைப் பார்த்தேன். ஏதோ ஒரு ரயில் நிலையம், கூட்டமாக வட மாநில இளைஞர்கள், திகில் படத்துக்குப் போடுகிற மாதிரி பின்னணி இசை, மேலே சிவப்பு எழுத்தில் திருப்பூர் நம் கையை விட்டுப் போய்விட்டது என்று ஒரு வாசகம். கீழே நீ, "இவங்க வந்த பிறகு நம்ம ஊர்ல நடமாடவே முடியல" என்று எழுதியிருந்தாய். உன் சித்தி அதற்குக் கைகூப்பி ஆமோதித்திருந்தாள்.

நீ கோவையில் விடுதிக்குப் போய் இரண்டு வருஷமாகிறது. லீவுக்கு வரும்போதெல்லாம் இருட்டிய பிறகும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கடைவீதிக்குப் போய் வருகிறாய். உன்னை யாரும் மறித்ததாக ஒரு நாளும் நீ சொன்னதில்லை. ஆக, நடமாட முடியவில்லை என்பது உனக்கு நேர்ந்தது கிடையாது. அது உன் கையில் இருக்கிற திரை உனக்குச் சொல்லிக் கொடுத்தது. நீ பொய் சொல்கிறாய் என்று நான் நினைக்கவில்லை. மனதார நம்பித்தான் எழுதியிருக்கிறாய். அதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

2023 மார்ச் மாதம் நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நீ அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தாய். தமிழ்நாட்டில் இந்தி பேசுகிற தொழிலாளர்களை வெட்டிக் கொல்கிறார்கள் என்று பீகாரில் வீடியோக்கள் பரவின. அந்த மாநிலச் சட்டமன்றத்தில் பெரிய அமளி. அன்றைய டிஜிபி சைலேந்திர பாபு விளக்கம் கொடுத்தார்: ஒரு வீடியோ திருப்பூரில் பீகார் தொழிலாளர்கள் தங்களுக்குள்ளேயே போட்டுக்கொண்ட சண்டை, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் இரண்டு தரப்பாக மோதிக்கொண்டது. இரண்டுமே பழைய சம்பவங்கள். பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பியது. அவர்கள் திருப்பூருக்கு வந்து, தொழிலாளர்களிடம் நேரில் பேசினார்கள். வதந்தி பரப்பியவர்கள் மீது வழக்குகள் பாய்ந்தன, கைதுகளும் நடந்தன. ஆனால் அந்த வாரம் ஹோலி. பண்டிகைக்குப் போகிறவனும் பயந்து போகிறவனும் ஒரே பிளாட்பாரத்தில் நின்றார்கள். அந்தப் படமும் ஓடிப்போகும் கூட்டம் என்று சுற்றியது.

நம் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற லைன் வீட்டில் அப்போது பேக்கிங் வேலைக்குப் போகிற ஒரு பையன் குடியிருந்தான். இருபது வயதுகூட இருக்காது. சாயங்காலம் டீக்கடை வாசலில் நின்று அம்மாவோடு வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தான். அந்த அம்மா அழுவது எனக்கே கேட்டது. இவன் போனைத் திருப்பித் திருப்பித் தெருவைக் காட்டினான். டீ மாஸ்டரைக் காட்டினான். பள்ளிக்கூடம் விட்டுப் போகிற குழந்தைகளைக் காட்டினான். என்னையும் காட்டினான், நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அப்படியும் அந்த அம்மா நம்பவில்லை. பெற்ற பிள்ளை நேரில் நின்று காட்டுகிற தெருவைவிட, யாரோ அனுப்பிய வீடியோ அவருக்கு நிஜமாக இருந்தது. ரெண்டு நாளில் அவன் கிளம்பிப் போய்விட்டான்.

அந்த அம்மா திருப்பூரைப் பார்த்ததே கிடையாது. தமிழர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று மட்டும் அவருக்கு ஒரு முடிவான கருத்து இருந்தது. அன்றைக்கு நம் வீட்டில் எல்லோரும் எவ்வளவு கொதித்தோம்! நம்மைப் போய்க் கொலைகாரர்கள் என்கிறார்களே என்று உங்கப்பா இரண்டு வேளை சரியாகச் சாப்பிடவில்லை. நீ இப்போது போட்டிருக்கிற வீடியோவும் அதே முறையில் செய்ததுதான். எங்கே, எப்போது எடுத்தது என்று அதில் இல்லை. அதில் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பயமுறுத்தும் இசையும் சிவப்பு எழுத்தும்தான் இருக்கின்றன.

இந்தத் திரை எப்படி வேலை செய்கிறது என்று உன் வயதுப் பிள்ளைகளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும் என்று சொல்வார்கள். பயன்படுத்தத் தெரிவது வேறு. நீ லைக் போட வேண்டும் என்றுகூட அவசியமில்லை. ஒரு வீடியோவில் உன் கட்டைவிரல் நான்கு வினாடி தயங்கி நின்றால் போதும், அடுத்தது அதே மாதிரி வந்து நிற்கும். ஃபேஸ்புக் 2017இல் ஒரு கணக்கு வைத்திருந்தது. ஒரு பதிவுக்கு ஒருவர் லைக் போட்டால் ஒரு மடங்கு, கோப முகம் உள்ளிட்ட உணர்ச்சி முகங்களைப் போட்டால் ஐந்து மடங்கு மதிப்பு. கோபத்தை அதிகம் கிளப்புகிற பதிவுகளில் பொய்யும் விஷமும் கூடுதலாக இருப்பதை அந்த நிறுவனத்து ஆட்களே கண்டுபிடித்தார்கள். அதன் பிறகு படிப்படியாகக் குறைத்து, 2020இல்தான் கோபத்துக்கான மதிப்பைப் பூஜ்யமாக்கினார்கள். இடைப்பட்ட அந்த வருஷங்களில் எத்தனை ஊரில் எத்தனை பேர் யாரைப் பற்றி என்ன முடிவுக்கு வந்தார்களோ, அதை யார் திருப்பி எடுப்பது?

பழியை முழுக்க இயந்திரத்தின் மேல் போடவும் முடியாது. அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் ஓடிய சுமார் 1,26,000 செய்திகளை எடுத்துப் பார்த்தார்கள். 2018இல் 'சயன்ஸ்' இதழில் அந்தக் கட்டுரை வந்தது. உண்மைச் செய்தியைவிடப் பொய்ச் செய்தி மறுபகிர்வு ஆவதற்கு 70 சதவீதம் கூடுதல் வாய்ப்பு இருந்தது. தானாக இயங்கும் கணக்குகளைக் கழித்துப் பார்த்தபோதும் முடிவு மாறவில்லை. பரப்பியது மனிதர்கள்தான். உன்னையும் உன் சித்தியையும் போல, நல்ல எண்ணத்தோடு, நாலு பேரை எச்சரிக்கிறோம் என்று நினைத்த மனிதர்கள்.

அந்த நல்ல எண்ணம் எதுவரை போகும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே உதாரணம் இருக்கிறது. அதே 2018, மே மாதம். குழந்தை கடத்தும் வட மாநிலக் கும்பல் இறங்கியிருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் ஊரெங்கும் எச்சரிக்கை. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் அத்திமூரில், குலதெய்வம் கும்பிட உறவினர்களோடு காரில் வந்த ஒரு சென்னை மூதாட்டி வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். குழந்தை கடத்த வந்தவர் என்று நினைத்து ஊர்க்காரர்கள் கூடி அடித்தே கொன்றுவிட்டார்கள். அறுபது வயது தாண்டிய தமிழ்ப் பெண் அவர். இந்தியாவில் இப்படித் தொடர்ந்து உயிர்கள் போன பிறகுதான், ஒரு தகவலை ஒரே தடவையில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாது என்று வாட்ஸ்அப் கட்டுப்பாடு வைத்தது.

இதையெல்லாம் படித்துவிட்டு, புத்தகம் படிக்கிறவன் யோக்கியன், போன் பார்க்கிறவன் மோசம் என்று பெரியப்பா சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. நூலகத்தில் காலம் கழித்த எனக்கு அப்படிச் சொல்ல ஆசைதான். சொன்னால் உண்மையாக இருக்காது. அச்சிட்ட தாளும் இதே வேலையைச் செய்திருக்கிறது. பம்பாயில் பால் தாக்கரே 1960இல் 'மார்மிக்' என்று ஒரு வாரப் பத்திரிகை தொடங்கினார். கம்பெனிகளில் உத்தியோகம் பார்க்கிற தென்னிந்தியர்களின் பெயர்களை வரிசையாக அச்சிட்டார்கள். படித்துவிட்டுப் பேசாமல் இருங்கள் என்று அதற்குக் குத்தலாக ஒரு தலைப்பு. பெயர்கள் எல்லாம் நிஜமான பெயர்கள்தான். அய்யர், நாயர், ராவ் என்று அடுத்தடுத்துப் படித்த மராத்தி இளைஞனுக்கு, தன் வேலை முழுவதும் மதராஸிக்குப் போய்விட்டது என்று தோன்றியது. 1966இல் சிவசேனா பிறந்தது. தென்னிந்தியர்கள் தாக்கப்பட்டார்கள், அவர்களுடைய ஓட்டல்களும் தப்பவில்லை. தாராவியில் பிழைத்த நம் ஆட்கள் அன்று மாநகரத்துக்குப் பாரமாகத் தெரிந்தார்கள். ஒரு பொய்கூட எழுத வேண்டியிருக்கவில்லை, பார். எதைக் காட்டுவது, எதை விடுவது என்று பொறுக்கி எடுத்ததே போதுமானதாக இருந்தது. ஆகவே ஒரு வீடியோ நிஜமா போலியா என்று கேட்பதோடு நிறுத்தாதே. இது நிஜமாகவே இருந்தாலும், இதைச் சுற்றி எதையெல்லாம் விட்டிருக்கிறார்கள் என்று கேள்.

படிப்பில் இருக்கிற நன்மை வேறு இடத்தில் இருக்கிறது. எங்கள் கிளை நூலகத்தின் நீள மேஜைக்குத் தினமும் காலையில் ஒரு பெரியவர் வருவார். ஜின்னிங் ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்ந்தவர், ஐந்தாம் வகுப்புதான் படித்தவர். தினத்தந்தி, தினமணி, தீக்கதிர் மூன்றையும் விரல் வைத்துப் படிப்பார். மூன்றும் ஒரே விஷயத்தை மூன்று விதமாகச் சொல்லும் என்று அவருக்குத் தெரியும். எந்தப் பத்திரிகை எந்த இடத்தில் குரலை உயர்த்தும் என்பதும் தெரியும். அவரிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. ஒரு திருட்டு, ஒரு அடிதடி, ஒரு கொலை என்று பெரிய எழுத்தில் வந்தால் அதை அப்போதைக்கு ஒத்திவைப்பார். அடுத்த வாரம் உள்பக்கங்களில் அதே விஷயத்தைத் தேடுவார். ஒரு தடவை பனியன் குடோனில் நடந்த திருட்டுக்கு வெளியூர்க் கும்பல்தான் காரணம் என்று மேஜையில் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். சில நாள் கழித்து அவர் ஒரு மூலைச் செய்தியை என்னிடம் காட்டினார். பிடிபட்டவர் அந்தக் கம்பெனியிலேயே கணக்கு எழுதியவர். "முத நாள் நூஸ்ல ஊரு பேசுறது இருக்கும் சார், அடுத்த வாரந்தான் நடந்தது இருக்கும்" என்றார்.

உன் திரையில் அடுத்த வாரம் கிடையாது, அம்மிணி. அங்கே எப்போதும் முதல் நாள்தான். தினமும் ஒரு புதுத் தீ, அணைந்ததா என்று பார்ப்பதற்குள் இன்னொன்று. 2023 வீடியோவைப் பார்த்து அழுத எத்தனை அம்மாக்களுக்கு, அதிகாரிகள் திருப்பூருக்கு வந்து விசாரித்த செய்தி போய்ச் சேர்ந்திருக்கும்? முதல் நாட்களை மட்டுமே அடுக்கிவைத்து ஒரு சமூகத்தைப் பற்றி முடிவெடுத்தால், அந்த முடிவில் பயத்தைத் தவிர வேறு எதற்கும் இடம் இருக்காது.

எல்லாம் சுபமாக இருக்கிறது என்றும் நான் சொல்லவில்லை. ஒரு லைன் வீட்டில் எட்டுப் பேரை அடைத்து வாடகை வாங்குகிறார்கள். குறைந்த கூலிக்கு ஆள் கிடைப்பதால் நம் ஊர் டெய்லருக்குப் பீஸ் ரேட் ஏற மாட்டேன் என்கிறது. குற்றம் செய்கிறவர்களும் அவர்களுக்குள் உண்டு, நமக்குள் இருப்பதைப் போலவே. இதைப் பற்றியெல்லாம் நீ தாராளமாகக் கோபப்படு. ஆனால் கோபம் போக வேண்டிய விலாசம் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கூலியைத் தீர்மானிப்பது யார், கான்ட்ராக்டர் கமிஷன் எவ்வளவு, இவர்கள் ஊரில் என்ன இல்லாததால் இரண்டு நாள் ரயிலேறி வருகிறார்கள்? இதற்கெல்லாம் அரை நிமிஷ வீடியோவில் பதில் இருக்காது.

'எரியும் பனிக்காடு' என்று ஒரு நாவல். எஸ்டேட்டில் டாக்டராக வேலை பார்த்த பி.எச்.டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதியது, இரா.முருகவேள் தமிழில் கொண்டுவந்தார். 'பரதேசி' படத்துக்கு அடிப்படை அதுதான். மேஸ்திரிகள் ஆசை காட்டி, முன்பணம் கொடுத்து, தென் மாவட்டத்துக் குடும்பங்களை ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களுக்கு அழைத்துப்போன கதை. கடன் தீரவே தீராது, காய்ச்சல் ஆளைத் தின்னும், ஊர் திரும்ப வழி இருக்காது. உன் விடுதியிலிருந்து வால்பாறை சில மணி நேரப் பயணம். அந்த நாவலைப் படித்து முடித்தபின் லைன் வீட்டுப் பையன்களைப் பார். அன்று மேஸ்திரி செய்ததை இன்று கான்ட்ராக்டர் செய்கிறார் என்று புரியும். ஒரு ஆளின் உள்ளே உட்கார்ந்து முந்நூறு பக்கம் அவன் கண்ணால் பார்க்க வைக்க நல்ல நாவலால் முடியும். அந்தப் பழக்கம் வந்துவிட்டால், ஒரு கூட்டத்தைக் காட்டி "இவங்க" என்று யாராவது சொல்லும்போது மனசு அவ்வளவு சுலபமாகச் சம்மதிக்காது.

போனைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை, அது நடக்காது. குரூப்பில் போட்ட வீடியோவை எடுத்துவிட்டு, ஏன் எடுத்தாய் என்று இரண்டு வரி எழுது. சித்தி அதை வேறு யாருக்கு அனுப்பினாளோ அவர்களுக்கும் அந்த இரண்டு வரி போகட்டும். இனிமேல் ஒரு ஜாதியையோ மதத்தையோ மாநிலத்துக்காரரையோ மொத்தமாகக் குற்றவாளி ஆக்குகிற எது வந்தாலும், ஒரு வாரம் உன்னிடமே வைத்திரு. அந்த ஒரு வாரத்தில் அதைத் தேடிப் படி. ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத இரண்டு பத்திரிகைகளையாவது பார். அந்த ஆட்களில் ஒருவரிடமாவது பேசு. உன் விடுதி மெஸ்ஸில் பரிமாறுகிறவர் ஒடிசாக்காரர் என்று நீயே ஒரு தடவை சொன்னாய். அவர் ஊர் எது, வீட்டில் யார் யார் என்று இதுவரை கேட்டிருக்கிறாயா?

உங்கப்பா கட்டுகிற வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் போகிறது. சென்னை மாகாணத்தில் 1948இல் கொண்டுவந்த நூலகச் சட்டத்தால் வந்த ஏற்பாடு அது. நூலகம் அந்தப் பணத்தில்தான் நடக்கிறது, அதில் உனக்கும் பங்கு இருக்கிறது. கோவை மாவட்ட மைய நூலகத்தில் இந்த மாதமே உறுப்பினராகச் சேர்ந்துவிடு. முதல் புத்தகமாக நான் சொன்னதை எடு. படித்துவிட்டு எனக்கு எழுது. நான் சொன்னதில் எது தப்பு என்று தோன்றுகிறதோ அதையும் மறைக்காமல் எழுது.

அன்புடன்,
பெரியப்பா