கம்பியில்லா இணையத்தில் முகவரிப் பங்கீடு

கடிதமொன்று உரியவரைச் சென்றடைதற்கு முகவரி வேண்டும். இணையத்தின் வழியே செல்லும் செய்தியும் அத்தகையதே. அனுப்புங் கருவிக்கும் பெறுங் கருவிக்கும் எண்ணாலமைந்த முகவரிகள் உள, அவை ஐ.பி. முகவரிகள் எனப்படும். கோபுரங்களின் மீது அன்ரனாக்களை நிறுத்தி, வானலை வழியாக வீடுகளுக்கு இணையம் வழங்கும் சிறு நிறுவனங்கள் இன்று பல நாடுகளிலும் உள. அத்தகைய நிறுவனமொன்று தன் வாடிக்கையாளருக்கு முகவரிகளை எங்ஙனம் பங்கிடல் வேண்டும் என்பதும், அதில் ஒழுங்கு தவறின் யாது கேடு விளையும் என்பதும் ஈண்டு ஆராயப்படும்.

பெருவழக்கிலுள்ள நான்காம் பதிப்பு முகவரி 1981 ஆம் ஆண்டில் வரையறுக்கப்பட்டது. அது 32 துவித இலக்கங்களாலாயது; ஆதலின் உலகம் முழுவதற்கும் 4,294,967,296 முகவரிகளே உள. அன்று வற்றாததெனத் தோன்றிய அத்தொகை விரைவிலே வற்றிற்று. 2011 பெப்ருவரி 3 ஆம் நாள், பொதுக் களஞ்சியத்தில் எஞ்சிய ஐந்து தொகுதிகளும் ஐந்து பிராந்தியப் பதிவகங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன. இலங்கையை உள்ளடக்கிய ஆசிய பசிபிக் பதிவகம் ‘ஏப்னிக்’ என்பதாகும். அதன் இறுதித் தொகுதியிலிருந்து ஓர் உறுப்பினர் பெறத்தக்க உச்ச அளவு முதலில் 1,024 ஆக இருந்து, 2019 இல் 512 ஆகக் குறைக்கப்பட்டது. எனவே, வீட்டுக்கொரு பொது முகவரி என்பது சிறு நிறுவனத்துக்கு எளிதிற் கைகூடாது.

இக்குறையை நீக்கும் உபாயம் யாது? நிறுவனத்தின் உள்ளே மட்டும் வழங்கும் முகவரிகளை வீடுகளுக்கு அளித்து, வெளியே செல்லும்போது சில பொது முகவரிகளைப் பலரும் பகிர்ந்துகொள்ளச் செய்வதே. இதற்கெனவே 100.64.0.0 முதல் 100.127.255.255 வரையுள்ள 4,194,304 முகவரிகள் 2012 இல் ஒதுக்கப்பட்டன. 192.168 எனத் தொடங்குவனவற்றை இதற்குக் கொள்ளலாகாதோ எனின், வீட்டு ரவுட்டர்கள் பல அவற்றையே தம்முள் வழங்குகின்றன. உள்ளும் புறமும் ஒரே முகவரித் தொகுதி அமையின், செய்தி எப்பக்கஞ் செல்வதெனக் கருவி மயங்கும்.

இனி, ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். மூன்று கோபுரங்கள், கோபுரமொன்றுக்கு நான்கு திசைப்பிரிவுகள், பிரிவொன்றில் 40 வீடுகள், ஆக 480 வீடுகள் எனக் கொள்க. முதற்கோபுரத்துக்கு 100.64.16 முதல் 100.64.31 வரையும், இரண்டாவதற்கு 32 முதல் 47 வரையும், மூன்றாவதற்கு 48 முதல் 63 வரையும் ஒதுக்குக. கோபுரமொன்றுக்கு 4,096 முகவரிகள் கிடைக்கும். ஒவ்வொரு திசைப்பிரிவுக்கும் 256 கொண்ட ஒரு கட்டு அளிப்பினும் எதிர்கால வளர்ச்சிக்கு இடமிருக்கும். இதனால் விளையும் பயன்கள் இரண்டு. தலைமை ரவுட்டரில் கோபுரத்துக்கு ஒரு வரியாக மூன்று வரிகள் எழுதினாற் போதும். முகவரியைக் கண்ட மாத்திரத்தே பழுது எக்கோபுரத்தில் என்பதும் புலனாகும். வந்தவருக்கு வந்த வரிசையில் முகவரி கொடுத்தவர் இவ்விரு பயனையும் இழப்பர். கோபுரத்திலுள்ள கருவிகளுக்கோ 10 எனத் தொடங்கும் வேறு தொகுதியைக் கொடுத்து, வாடிக்கையாளர் அவற்றை அணுகாதவாறு தடுத்தல் வேண்டும்.

முகவரியை வீட்டிலுள்ள கருவியோடு பிணைத்தலினும், வாடிக்கையாளரின் கணக்கிலக்கத்தோடு பிணைத்தல் நன்று. இடி விழுந்து கருவி மாறினும் முகவரி மாறாது. இன்னுமொன்று: வாடிக்கையாளர் ஒருவர் தம் ரவுட்டரின் கம்பியைத் தவறான துளையிற் செருகுவாராயின், அது அயல் வீடுகளுக்கெல்லாந் தானே முகவரி வழங்கத் தொடங்கும், ஒரு பிரிவு முழுவதும் இணையமிழந்து தவிக்கும். ஆதலின் வீட்டுக் கூரைமேலுள்ள அன்ரனாக் கருவியையே ரவுட்டராக அமைத்து, வீட்டுக்கு வீடு எல்லை வகுத்தல் அறிவுடைமை. தமக்குரியதல்லாத முகவரியிட்டு எவரேனும் அனுப்புஞ் செய்திகளையும் அவ்வெல்லையிலேயே தடுத்தல் வேண்டும்.

பகிர்வினால் எழும் பெருஞ்சிக்கல் ஒன்றுளது. பொது முகவரியொன்றை 32 வீடுகள் பகிர்ந்துகொள்வதாக வைத்துக்கொள்வோம். அவற்றுள் ஒரு வீட்டிலிருந்து ஒருவர் வங்கி மோசடி செய்கின்றார். விசாரிப்போர் கையில் உள்ளது அப்பொது முகவரி ஒன்றே. குற்றவாளி ஒருவர்; ஐயத்துக்கு ஆளாவோர் 32 குடும்பத்தினர்! இவ்விடத்திலே முகவரிப் பங்கீடு கணக்கு வேலை என்ற நிலையைக் கடந்து நீதியோடு தொடர்புடையதாகின்றது.

இதற்கும் வழியுண்டு. முகவரியொன்றில் ‘போர்ட்’ எனப்படும் வாயிலெண்கள் 65,536 உள. முதல் 1,024 ஐ நீக்கின் எஞ்சுவன 64,512. இவற்றை 32 வீடுகளுக்குப் பகிரின் வீடொன்றுக்கு 2,016 கிடைக்கும். முதல் வீட்டுக்கு 1024 முதல் 3039 வரை. இரண்டாம் வீட்டுக்கு 3040 முதல் 5055 வரை. இவ்வாறே ஏனையவற்றுக்கும் நிலையாக வகுத்துவிடின், 4000 ஆம் வாயில் எவருடையதென வினவுவார்க்கு இரண்டாம் வீடென உடனே விடை கூறலாம். 480 வீடுகளுக்கும் 15 பொது முகவரிகள் போதும். எவர் எத்தளத்தைப் பார்த்தார் என்று வேவு பார்க்கும் பதிவேடும் வேண்டியதில்லை. எவ்வீடு எந்நாள் முதல் எந்நாள் வரை எவ்வெண்ணை உடையதாயிருந்தது என்ற குறிப்பும், பிழையாது ஓடும் மணிக்கூடுமே வேண்டுவன.

128 துவித இலக்கங்களையுடைய ஆறாம் பதிப்பு முகவரி இவ்வறுமையை அடியோடு போக்கவல்லது. வீடொன்றுக்கு 256 உள்வலையமைப்புகளை வழங்கினும் அது குறைவுபடாது. ஆயினும் பழைய பதிப்பினை மட்டும் அறிந்த தளங்கள் இன்னும் பல உளவாதலின், இரண்டையும் ஒருங்கே வழங்குதலே இன்று ஏற்ற நெறி.

இத்துறையிற் புகவிருக்கும் மாணவர்கள் ஒன்றை மனங்கொள்வாராக. கோபுரம் உயர்ந்ததாயினும் கருவி சிறந்ததாயினும், முகவரிப் பதிவேடு சீராக இல்லையெனின், குற்றமற்ற ஒருவருக்காகச் சான்று கூறவேண்டிய நாளிலே அந்நிறுவனம் வாய்மூடி நிற்க நேரிடும். முதல் வாடிக்கையாளருக்கு இணைப்பு வழங்கும் முன்னரே அப்பதிவேட்டைத் தொடங்குதல் கடன்.