அப்பத்தாவின் புகையிலையில் இருக்கும் வேதியியல்

அன்புள்ள கண்ணு,

சோளக்காட்டுச் சந்தையில் அப்பத்தா வாங்கும் புகையிலை ஏன் வெல்லம் போல மணக்கிறது, இதிலும் பெரிய கம்பெனிகள் ஆராய்ச்சி செய்கின்றனவா என்று கேட்டிருந்தாய். பதினொன்றாம் வகுப்பு வேதியியல் இதற்குப் போதும்.

நம் மலைக் காப்பிக்கொட்டை வறுபட்ட பிறகே மணக்கிறது. புகையிலையும் பச்சையாக இருக்கும்போது இப்படி மணக்காது. திண்டுக்கல், வேடசந்தூர்ப் பக்கம் செடியை அறுத்து வெயிலில் உலர்த்தி, அம்பாரமாக அடுக்கிப் புழுங்கவிட்டு, வெல்லமோ கருப்பட்டியோ கரைத்த நீர் தெளித்துப் பாடம் போடுவார்கள். அடுக்குக்குள் சூடேறி இலை கறுக்கும், நெடி அடங்கும். வேடசந்தூரில் 1948-இலேயே புகையிலைக்கென ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. ஆனால் அந்தப் புழுக்கத்திலேயே நுண்ணுயிர்கள் இலையின் நைட்ரேட்டை நைட்ரைட்டாக்குகின்றன. அது நிக்கோட்டினோடும் அதன் உறவுச் சேர்மங்களோடும் வினைபுரிந்து நைட்ரோசமைன்கள் உண்டாகின்றன. வாய்ப் புற்றுநோயைக் கொண்டுவருபவை அவை. கம்பெனி கலக்காத நாட்டுப் புகையிலை என்றால் கெடுதல் இல்லை என்று யார் சொன்னாலும் நம்பாதே.

கம்பெனி ஆராய்ச்சிக்கு வருகிறேன். 1960-களில் அமெரிக்காவின் பிலிப் மோரிஸ் நிறுவனம், மிஞ்சிய தூளையும் காம்பையும் கூழாக்கித் தாளாக வார்த்து மார்ல்பரோ சிகரெட்டில் கலந்தது. அந்தத் தாளில் அம்மோனியாச் சேர்மங்களையும் சேர்த்தது. அம்மோனியா சர்க்கரையோடு சேர்ந்தால் சாக்லேட் மணம் தரும் பைரசின்கள் பிறக்கும். இது சுவைக்கான வேலை, உண்மைதான். ஆனால் அம்மோனியா ஒரு காரம். காரத்தன்மை கூடினால், உப்பாகக் கட்டுண்டு கிடக்கும் நிக்கோட்டின் விடுபடும். விடுபட்ட நிக்கோட்டின் உடம்பில் வேகமாக ஏறும். 1970-களில் மார்ல்பரோ விற்பனையில் மற்றவர்களை முந்தியதும், போட்டி நிறுவனங்கள் அதைப் பிரித்து ஆராய்ந்து, சூட்சுமம் அம்மோனியாவில் இருக்கிறது என்று தங்களுக்குள் எழுதிக்கொண்டன. வழக்குகளும், அமெரிக்க மாநிலங்களோடு புகையிலை நிறுவனங்கள் 1998-இல் செய்துகொண்ட பெரிய உடன்படிக்கையும் அந்தக் காகிதங்களை வெளியே கொண்டுவந்தன. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகக் காப்பகத்தில் இன்று யாரும் அவற்றைப் படிக்கலாம். கல்லூரிக்குப் போனதும் நீயும் இணையத்தில் தேடிப் படி.

இனி அப்பத்தா புகையிலையோடு சேர்த்து மெல்லும் விரல் நுனிச் சுண்ணாம்பைப் பார். அதுவும் காரம்தான். சிகரெட்டில் அம்மோனியா செய்ததை அது வாய்க்குள் செய்கிறது. அப்பத்தாவுக்கு அது தெரியாது, பழக்கமாக வந்தது. அந்த நிறுவனங்களுக்கோ எல்லாம் தெரிந்திருந்தது. தெரிந்தும் மறைத்து ஊருக்கெல்லாம் விற்றதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

சுவை வேதியியல் படிக்க ஆசை என்று எழுதியிருக்கிறாய். தாராளமாகப் படி. நம் சாமைக்கும் தினைக்கும் காப்பிக்கும் அந்த அறிவு நிறையத் தேவைப்படுகிறது.

அதற்கு முன் ஒரு வேலை. அப்பத்தாவை வெளிச்சத்தில் உட்காரவைத்து, கன்னத்தின் உள்பக்கத்தையும் நாக்கின் அடியையும் பார். வெள்ளைத் திட்டோ சிவந்த திட்டோ, இரண்டு வாரமாக ஆறாத புண்ணோ இருந்தால், வலி இல்லை என்று அவர் சொன்னாலும் கேட்காமல் செம்மேட்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ. என்ன சொன்னார்கள் என்று அன்றைக்கே எனக்குப் போன் பண்ணு.

அன்புடன்,
பெரியப்பா