குளிர் இரவு, மின்வெட்டு, கரிச்சட்டி



சென்ற கார்த்திகை அடைமழையில் ஓர் இரவு முழுக்க மின்சாரம் இல்லாமல் போனது பலருக்கு நினைவிருக்கும். அன்று நம் மஹல்லாவில் ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்லித்தான் இந்தப் பாடத்தைத் தொடங்க வேண்டியிருக்கிறது. பெயர் வேண்டாம் என்று வீட்டார் கேட்டுக்கொண்டார்கள்.

பிள்ளை பெற்று ஒன்பது நாளான மகள், கைக்குழந்தை, நன்னி ஆகிய மூவரும் ஒரே அறையில் படுத்திருந்தார்கள். சாரல் அடிக்கிறதென்று ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் சாக்கைச் செருகி, குழந்தைக்குக் குளிரக்கூடாதென்று மண்சட்டியில் கரியைக் கனலவைத்துக் கட்டில் அருகே வைத்திருந்தார்கள். நள்ளிரவுக்குமேல் மகளுக்குத் தலைவலி, பிறகு வாந்தி. நன்னிக்கும் தலை சுற்றியது. இரவுச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து மறுபடி படுத்துவிட்டார்கள். சுப்ஹுக்கு எழுந்த வீட்டுக்காரர் எவ்வளவு தட்டியும் பதில் இல்லை. கதவைத் தள்ளித் திறந்து மூவரையும் திண்ணைக்குத் தூக்கி வந்து, 108-ஐ அழைத்தார். மூவரும் பிழைத்துக்கொண்டார்கள், அல்ஹம்துலில்லாஹ்.

மருத்துவமனைக்கு விசாரிக்கப் போன எங்களிடம் நன்னி ஒன்று கேட்டார்: "நல்ல கரிதானே தம்பி, பொட்டுப் புகைகூட இல்லையே?"

கரியைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டிப் பக்கம் சீமைக்கருவேல மரத்தை வெட்டி மூட்டம் போடுவதைப் பார்க்காத கண் இல்லை. விறகை அடுக்கி, மண் பூசி, காற்றை அளந்து விட்டு, நாள்கணக்கில் வேகவைக்கும்போது புகையெல்லாம் மூட்டத்திலேயே போய்விடுகிறது. அதனால்தான் வீட்டில் கரி எரியும்போது கண் எரிவதில்லை, இருமல் வருவதில்லை. ஆனால் மூடிய அறையில் போதிய காற்றில்லாமல் கனலும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்ற வாயு வருகிறது. அதற்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. நம் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகமான வலுவோடு பிடித்துக்கொள்கிறது. மூச்சு வழக்கம்போல் ஓடும். உடம்புக்குள் ஆக்சிஜன் போய்ச் சேராது. தலைவலி, மயக்கம், வாந்தி, பிறகு தூக்கம். தூக்கத்தில் இருப்பவருக்கு முதல் மூன்றும் தெரியாமலே போகலாம். விறகுப் புகையாவது இருமவைத்து எழுப்பிவிடும்.

சட்டியின் மேல் சாம்பலைத் தூவிவிட்டால் ஆபத்தில்லை, பக்கத்தில் ஒரு பாத்திரம் தண்ணீர் வைத்தால் வாயுவை இழுத்துக்கொள்ளும் என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. இரண்டும் தவறு.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. 2024 ஆகஸ்ட்டில் கொடைக்கானலுக்குச் சுற்றுலா போன இளைஞர்களில் இருவர், தங்கிய அறைக்குள் கரி அடுப்பு அணையாமல் இருக்கத் தூங்கி, மறுநாள் எழவில்லை. 2013 டிசம்பர் 21, 22 தேதிகளில் கனடாவின் டொராண்டோவில் உறைபனி மழை பெய்து, மரக்கிளைகள் கம்பிகள்மேல் முறிந்து விழுந்தன. அந்த நகரில் மட்டும் சுமார் 3 லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. தமிழர்கள் நிறைந்த ஸ்கார்பரோவிலும் பல வீடுகள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. வெளியே தண்ணீர் உறையும் குளிர். தாங்க முடியாமல் சிலர் தோட்டத்தில் வைக்கும் கரி அடுப்பை வீட்டுக்குள் கொண்டுவந்தார்கள், சிலர் ஜெனரேட்டரைக் கார் நிறுத்தும் அறையில் ஓட்டினார்கள். இந்த வாயு தாக்கிப் பலர் மருத்துவமனைக்குப் போனார்கள், ஒன்டாரியோ மாகாணத்தில் உயிரிழப்பும் நேர்ந்தது. நம் பிள்ளைகள் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் கடை வைத்திருக்கிறார்கள், வெளிநாடுகளில் படிக்கிறார்கள். இதைப் போனில் அவர்களிடமும் சொல்லுங்கள்.

மார்க்கம் இதில் நமக்கு முன்பே வழி காட்டியிருக்கிறது. மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு அதிலிருந்தவர்களோடு தீப்பற்றியது. செய்தி நபி (ஸல்) அவர்களுக்கு எட்டியபோது, நெருப்பு உங்களுக்குப் பகை, தூங்கப்போகுமுன் அதை அணைத்துவிடுங்கள் என்ற கருத்தில் கூறினார்கள். அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அறிவிக்கும் இந்தச் செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. விளக்கை அணைக்கச் சொல்லும் மற்றொரு ஹதீஸில், எலி திரியை இழுத்துப்போய் வீட்டைக் கொளுத்திவிடலாம் என்று காரணமும் வருகிறது. இமாம் நவவி (ரஹ்) இந்தக் காரணத்தை வைத்தே, ஆபத்துக்கு இடமில்லாதபடி தொங்கும் விளக்குக்கு வேறு சட்டம் என்று விளக்குகிறார். அப்படியானால் ஆபத்து உறுதியாகத் தெரிந்த கரிச்சட்டிக்கு என்ன சட்டம் என்று நாமே யோசித்துக்கொள்ளலாம்.

குளிரைப் பொறுத்துக்கொள்வதே தக்வா என்று எண்ணி உடம்பை வருத்திக்கொள்வோரும் உண்டு. ஹிஜ்ரி 8-இல் தாதுஸ் ஸலாஸில் படைப் பயணத்தில் கடுங்குளிரான ஓர் இரவு அம்ர் பின் அல்ஆஸ் (ரலி) அவர்களுக்குக் குளிப்புக் கடமையானது. குளித்தால் உயிருக்கே ஆபத்து என்று அஞ்சித் தயம்மும் செய்து தொழுவித்தார்கள். பிறகு நபி (ஸல்) விசாரித்தபோது, உங்களை நீங்களே கொன்றுகொள்ளாதீர்கள் என்ற பொருள்படும் அந்நிஸா அத்தியாயத்தின் 29-ஆம் வசனத்தை நினைவுகூர்ந்ததாகச் சொன்னார்கள். நபி (ஸல்) சிரித்தார்கள், மறுத்து ஒன்றும் சொல்லவில்லை (அபூதாவூத்). நம் ஊர் மார்கழிக் குளிரைக் காட்டி யாரும் தயம்மும் செய்யக் கிளம்பிவிட வேண்டாம். இங்கே அடுப்பில் வெந்நீர் வைக்க முடியும்.

சரி, கரி இல்லாமல் குழந்தைக்கு எப்படிக் கதகதப்பு கொடுப்பது? தாயின் நெஞ்சுதான் வழி. குழந்தையின் சட்டையைக் கழற்றி, தொப்பியும் துணியும் மட்டும் விட்டு, தாயின் வெறும் மார்பில் சாய்த்து, இருவரையும் சேர்த்துப் போர்த்த வேண்டும். மூக்கும் வாயும் மூடாமல், முகம் ஒருபக்கம் திரும்பியிருக்க வேண்டும். தாய்க்குத் தூக்கம் வந்தால் விழித்திருக்கும் ஒருவர் குழந்தையை வாங்கிக்கொள்ளட்டும். இன்குபேட்டர் போதாமல் தவித்த கொலம்பியா நாட்டு மருத்துவமனையில் 1970-களின் இறுதியில் தொடங்கிய முறை இது. இன்று நம் அரசு மருத்துவமனைகளிலும் கங்காரு பராமரிப்பு என்று சொல்லித் தருகிறார்கள். தாய்க்கு முடியாதபோது அத்தாவும் செய்யலாம். பிறந்த குழந்தையை முதல் 24 மணி நேரம் குளிப்பாட்ட வேண்டாம். பெரியவர்களுக்குக் காதை மூடிய துண்டு, காலுறை, தரையில் பாய்க்கு அடியில் சாக்கு, இவையே பாதிக் குளிரைத் தடுக்கும்.

ஜெனரேட்டரும் கரிச்சட்டியும் இந்த விஷயத்தில் ஒரே குடும்பம். வராந்தாவில் வைக்காதீர்கள். ஜன்னல், கதவிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி வெளியே வையுங்கள். வீட்டில் ஒருவருக்குமேல் ஒரே நேரத்தில் தலைவலி என்றால் முதலில் கதவைத் திறந்து எல்லோரும் வெளியே வாருங்கள். மருத்துவரிடம் உள்ளே கரி எரிந்ததை மறைக்காமல் சொல்லுங்கள்.

மின்வெட்டு நீண்டால் அடுத்து வருவது தண்ணீர்ப் பாடு. 2018 நவம்பரில் கஜா புயல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தபோது, டெல்டா மாவட்டங்களில் மோட்டார் ஓடாமல் குடிநீருக்கு அலைந்தார்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை கொட்டியபோது, சுற்றிலும் வெள்ளம் நிற்கக் குடிக்கத் தண்ணீர் இல்லை. வானம் கறுத்ததும் தொட்டியை நிரப்புங்கள், குடிநீரைத் தனியே மூடி வையுங்கள், போனுக்குச் சார்ஜ் ஏற்றுங்கள்.

இன்சுலின் போடுபவர்கள் பயப்பட வேண்டாம். பிரித்துப் பயன்படுத்தும் இன்சுலின் பெரும்பாலும் மிதமான அறை வெப்பத்தில் ஏறத்தாழ நான்கு வாரம் கெடாது (உங்கள் மருந்தின் அட்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள்). கோடையில் மின்சாரம் போனால் இரண்டு மண்பானைகளுக்கு இடையே ஈர மணலை நிரப்பி உள்பானையில் வைக்கலாம். ஐஸ்கட்டிமேல் வைத்து உறையவிட்டால்தான் வீண்.

அறுந்த கம்பியைப் பார்த்தால் தொடாமல், மற்றவர்களையும் தள்ளி நிறுத்திவிட்டு, மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லுங்கள்.

வரும் ஐப்பசிக்குள் பிரசவம் எதிர்பார்க்கும் வீட்டார், இன்சுலின் போடுபவர், தனியாக இருக்கும் முதியோர் ஆகியோர் பற்றி அஸருக்குப் பிறகு டிரஸ்ட் அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். கம்பளிகள் துவைத்து மடித்து இருக்கின்றன. மின்சாரம் போகும் இரவில் அந்த வீடுகளுக்கு முதலில் வருவதற்கு மஹல்லா இளைஞர்கள் முறை போட்டிருக்கிறார்கள். வந்து கதவைத் தட்டினால், நேரமாகிவிட்டதே என்று நினைக்காமல் திறந்துவிடுங்கள்.