காற்றுச் சுரங்கத்தில் மாதிரியைக் காந்தத்தால் நிறுத்துவது எப்படி?

காற்றுச் சுரங்கத்தில் மாதிரியைத் தாங்கி நிற்கும் கம்பி, காற்றோட்டத்தையும் கலைத்துவிடும். கோளம், உருளை போன்ற மழுங்கிய உடல்களின் பின்னால் எழும் சுழல்களை அளக்கையில் இந்தப் பிழை பெரிதாகிறது. பிரான்சின் ஒனெரா ஆய்வகம் 1957இல் மாதிரியைக் காந்தத்தால் அந்தரத்தில் நிறுத்தியது இந்தப் பிழையைத் தவிர்க்கத்தான். ஜப்பானின் தொஹோகு பல்கலைக்கழகத்தில் இப்போது 1 மீட்டர் அகலச் சோதனைப் பகுதியிலேயே இது நடக்கிறது.

முதலில் மாதிரி. உடலைப் பிளாஸ்டிக்கில் செய்து, அச்சு நெடுக நியோடிமியம் காந்த உருளையைப் பொருத்துங்கள். உடலில் இரும்புத் திருகு ஒன்றுகூட வேண்டாம். எடை ஏற ஏற மின்னோட்டமும் ஏறும். ஒற்றை உருளைக் காந்தம் தன் அச்சில் சுழல்வதைச் சுருள்களால் தடுக்க முடியாது. இறக்கையுள்ள மாதிரிக்குக் கூடுதல் காந்தங்கள் தேவை.

அடுத்து, காந்தத்தால் ஈர்க்கப்படாத சுவருக்கு வெளியே மின்காந்தச் சுருள்களை அமையுங்கள். சுருளில் மாறாத மின்னோட்டத்தைச் செலுத்தினால் மட்டும் மாதிரி நிற்காது. நிலையான காந்தப்புலத்தால் ஒரு காந்தத்தை அசையாமல் மிதக்கவைக்க முடியாது என்று 1842லேயே கணிதவியலாளர் எர்ன்ஷா நிறுவிவிட்டார். ஆகவே ஒளியுணரிகள் மாதிரியின் நிலையை நொடிக்குப் பல நூறு முறை அளக்க வேண்டும். அது விலகும்போதெல்லாம் கணினி மின்னோட்டத்தைத் திருத்த வேண்டும். என் பார்வையில், முழு வேலையின் உயிர்நாடி இதுதான். காற்றில்லாமல் மிதக்கவிட்டு, மரக்குச்சியால் மெல்லத் தட்டிப் பாருங்கள். ஆட்டம் விரைவில் அடங்காவிட்டால் கணினியின் கட்டுப்பாட்டு எண்களை மாற்றாமல் மேலே போகாதீர்கள்.

பிறகு அளவீட்டுத் திருத்தம். இதில் அவசரப்பட்டால் எல்லா உழைப்பும் வீண். மாதிரியில் கட்டிய நூலைக் கப்பி வழியே விட்டு, எடை தெரிந்த படிக்கற்களைத் தொங்கவிடுங்கள். ஒவ்வொரு எடைக்கும் எந்தச் சுருளில் எத்தனை ஆம்பியர் கூடுகிறது என்று குறியுங்கள். காற்றின் விசையைப் பின்னர் சொல்லப்போவது இந்த அட்டவணைதான். காற்றோட்டத்தின் திசை, செங்குத்து, பக்கவாட்டு என மூன்றுக்கும் தனித்தனியே செய்யுங்கள். நியோடிமியம் காந்தம் 1 டிகிரி செல்சியஸ் சூடேறினால் ஏறத்தாழ 0.1 சதவீத வலிமையை இழக்கும். எனவே திருத்தமும் சோதனையும் ஒரே வெப்பநிலையில் நடக்கட்டும்.

கடைசியில் காற்று. வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். சுருளின் மின்னோட்டம் உச்சத்தைத் தொட்டால் மாதிரி பிடி நழுவிப் பறந்துவிடும். அதற்குமுன் நிறுத்திவிடுங்கள்; கீழ்க்காற்றுப் பக்கம் முன்கூட்டியே வலையும் கட்டி வையுங்கள். முடிக்கும்போது காற்றை முதலில் அணைத்து, மாதிரியைத் தாங்கியில் இறக்கிய பிறகே சுருளை அணையுங்கள். இதயமுடுக்கி (பேஸ்மேக்கர்) பொருத்தியவர்களை அந்த அறைக்குள் விடவே வேண்டாம்.